கோஜி பாபா கொடுக்க வந்த 20,000 ரூபாய்

சைதாப்பேட்டையில் வளர்ந்தவன் நான். இன்றைய மறைமலை அடிகள் பாலம் வருவதற்கு முன் அடையாற்றின் மேல் மர்மலாங் பாலம் இருந்தது. 1726இல் அதைத் தன் சொந்தப் பணத்தில் கட்டியவர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். அவருடைய கல்வெட்டு பாலத்தின் ஓரத்தில் இருந்தது. சிறுவனாக இருந்தபோது அப்பா சைக்கிளை நிறுத்தி அந்தக் கல்லைக் காட்டினார். பாரசீகம், ஆர்மீனியம், லத்தீன் என மூன்று மொழிகளில் பொறித்திருந்தார்கள். ஒன்றும் புரியவில்லை. "கோஜா என்பது அவர் பெயர் இல்லையப்பா, பெரிய வணிகருக்குத் தரும் பட்டம். நம் ஊரில் செட்டியார், மரைக்காயர் என்று மரியாதையாகச் சொல்வதில்லையா, அதுபோல" என்றார் அப்பா.

அந்த ஒரு சொல்லை மட்டும் நான் மறக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து லண்டனில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்குத் தினமும் போய் வந்தேன். அங்கே உட்கார்ந்து மலபார்க் கரைக் கடற்கொள்ளை வழக்குகளைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் 'கோஜி பாபா' என்ற பெயர் கண்ணில் பட்டது. எழுதியவர் ஆங்கிலேயர், காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார். எனக்கோ அப்பாவின் குரல் கேட்டது. கோஜி என்பது கோஜாதான். அப்படியானால் பட்டத்தை எடுத்துவிட்டால் இந்த மனிதரின் பெயராக மிஞ்சுவது 'பாபா' மட்டுமே. அன்று மாலை பூட்டும்வரை வேறு எதையும் படிக்கவில்லை.

காப்பகத்துக்குப் போகாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். வாசகர் அட்டை எடுத்துக்கொண்டு, பேனாவை வெளியே பெட்டியில் வைத்துவிட்டு, பென்சிலோடு மட்டுமே உள்ளே போகவேண்டும். அட்மிரால்டி நீதிமன்றம், அதாவது கடல் வழக்குகளுக்கான நீதிமன்றத்தின் கட்டுகள் ஏராளம். அங்கே சாட்சி சொல்ல வருபவரிடம் முதலில் பெயர், ஊர், தொழில், வயது கேட்டு எழுதுவார்கள். பிறகு வரிசை எண் போட்ட கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் பதில். மாலுமியும் கூலிக்காரரும் எழுத்தில் இடம்பெற்ற அபூர்வமான இடங்களில் ஒன்று அது. கடற்கொள்ளைக் குற்றம் என்றால் விசாரணை முறை வேறு: ஜூரி உண்டு, ஓல்டு பெய்லியில் நடக்கும், தண்டனை பெரும்பாலும் தூக்கு.

நான் படித்தது கேப்டன் வில்லியம் கிட்டின் வழக்கு. புதையல் கதைகளால் உலகம் முழுக்கத் தெரிந்த பெயர் அது. பிரெஞ்சுக் கப்பல்களையும் கடற்கொள்ளையரையும் பிடிக்க அரசின் அனுமதி பெற்று, 'அட்வென்ச்சர் கேலி' என்ற 34 பீரங்கிக் கப்பலில் 1696இல் புறப்பட்டவர். கொச்சிக்கு அப்பால் அவர் பிடித்த பெரிய கப்பல்தான் 'குவெடா மெர்ச்சன்ட்'. அதில் சரக்கோடு வந்துகொண்டிருந்தவர் கோஜி பாபா.

இங்கே நான் இரண்டு நாளை வீணாக்கினேன். ஒரு தாளில் சம்பவம் 30 ஜனவரி 1697 என்றிருந்தது. பிற்கால நூல்களில் 1698. இரண்டு தனித்தனித் தாக்குதல்கள் என்று நினைத்து இல்லாத ஒரு கப்பலைத் தேடினேன். அந்தக் கால இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25இல்தான் பிறக்கும் என்று பக்கத்து மேசையில் இருந்த ஒரு முதிய பெண்மணி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஜனவரியும் பிப்ரவரியும் பழைய ஆண்டின் கணக்கிலேயே கிடக்கும். இந்தக் கால ஆவணங்களைத் தொடுகிறவர்கள் முதல் நாளே இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கப்பலின் பெயரும் அப்படித்தான். ஒரு தாளில் குவெடா, இன்னொன்றில் காரா, மற்றொன்றில் கேரி. எல்லாம் ஒரே கப்பல்தான். சூரத்தில் அகாபிரிஸ் கலந்தர் என்ற ஆர்மீனிய வணிகர் அதை வாடகைக்குப் பிடித்து வங்காளத்துக்கு அனுப்பியிருக்கிறார். அங்கே சரக்கேற்றிச் சூரத்துக்குத் திரும்பும் வழியில்தான் பிடிபட்டது. தாளில் 'நாக்குதா' என்ற சொல்லைப் பார்த்தபோது சிரித்துவிட்டேன். நம் கடற்கரையில் மரக்கலத்தின் பொறுப்பாளரைச் சொல்லும் அதே நகுதா.

குற்றப்பத்திரிகையில் சரக்கின் பட்டியல் இருக்கிறது. அபின் 70 பெட்டி, சர்க்கரை 250 மூட்டை, கச்சாப் பட்டு 20 பொதி, காலிகோ துணி 100 பொதி, மஸ்லின் 200 பொதி, கடைசியில் ரூமால், அதாவது கைக்குட்டைத் துணி, 3 பொதி. ரூமாலுக்கு ஆங்கிலத்தில் சொல் தேட அவர்கள் மெனக்கெடவில்லை, அப்படியே எழுதிவிட்டார்கள். இத்தனையும் ஒருவருடைய பணம் அல்ல. பாரசீகத்தின் இஸ்பஹான் நகரின் புறநகரான ஜுல்ஃபாவில் இருந்த ஆர்மீனிய முதலாளிகள், அவர்கள் பணத்தை எடுத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் ஊர் ஊராக அலைந்த முகவர்கள், முகலாய அரசவையின் பிரபு முக்லிஸ் கான் என்று பலருடைய முதல் அந்தக் கப்பலில் இருந்தது. முதலாளிக்குக் கணக்குச் சொல்லவேண்டிய முகவர், சரக்கு பறிபோனபின் எந்த முகத்தோடு ஊர் திரும்புவார்? அதை நினைத்து எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

என்னை மிகவும் வருத்திய தாள் ஒன்று உண்டு. பிரெஞ்சுக் கம்பெனி கொடுத்த பாஸ், அதாவது அனுமதிச்சீட்டு. அப்போது இந்தியக் கடலில் சரக்கேற்றும் வணிகர், ஆங்கிலேயர் ஒருபுறம் பிரெஞ்சுக்காரர் ஒருபுறம் டச்சுக்காரர் ஒருபுறம் என்று இருந்த நிலையில், யாருடைய பாஸ் எங்கே உதவும் என்று பார்த்துத்தான் பயணம் புறப்படவேண்டும். எதிரே வரும் கப்பலின் கொடியைப் பார்த்து அதற்குப் பொருத்தமான தாளை நீட்டுவது எல்லோரும் செய்த காரியம். கிட் பிரெஞ்சுக் கொடியை ஏற்றிக்கொண்டு வந்தார். கப்பலில் இருந்தவர்கள் பிரெஞ்சுப் பாஸைக் காட்டினார்கள். அவ்வளவுதான், இது பிரெஞ்சுக் கப்பல், என் அனுமதிக்கு உட்பட்டது என்றார் அவர். கப்பலை நடத்தியவர் ரைட் என்ற ஆங்கிலேயர் என்பது அதன் பிறகே வெளிப்பட்டது. பாதுகாப்புக்காகக் கேட்டு வாங்கிய தாளே சரக்கைப் பிடுங்கக் காரணமாயிற்று.

அப்போதுதான் கோஜி பாபா வாயைத் திறக்கிறார். அரசுத் தரப்புச் சாட்சிகளாக மாறிய கப்பல் மருத்துவர் பிராடின்ஹாம், மாலுமி பால்மர் ஆகியோரின் விசாரணையில் இது வருகிறது. கப்பலையும் சரக்கையும் விட்டுவிட்டால் 20,000 ரூபாய் தருகிறோம் என்று ஆர்மீனியர்கள் சொன்னார்கள். கிட் மறுத்துவிட்டார், சரக்கின் மதிப்புக்கு அது அற்பத் தொகை என்பது அவர் கணக்கு. பவுண்டுக்கு எட்டு ரூபாய் என்று வைத்தால் அது 2,500 பவுண்டு. நடுக்கடலில், பீரங்கிக்கு முன்னால் நின்றுகொண்டு, பதற்றத்திலும் ஒரு தொகையை மனத்துக்குள் கணக்கிட்டுச் சொல்கிறாரே, அந்த இடத்தில்தான் நான் அவரை உண்மையில் சந்தித்தேன். மற்ற இடங்களில் அவர் ஒரு பெயர். இங்கே அவர் வணிகர்.

சரக்கின் ஒரு பகுதியைக் கிட் கரையோரத்திலேயே விற்றார். மடகாஸ்கரில் மீதியை 160 பங்காகப் பிரித்தார்கள். 40 பங்கு கிட்டுக்கு. சட்டப்படி, பிடித்த கப்பலை அட்மிரால்டி நீதிமன்றத்தின் முன் நிறுத்தி, அது முறையான பிடிதான் என்று தீர்ப்பு வாங்கிய பிறகே பங்கு பிரிக்கவேண்டும். கிட்டின்மேல் இரக்கப்படும் நூல்கள் பாஸ் விஷயத்தையே பேசுகின்றன; இந்தப் பங்கு பிரிப்பை எளிதாகக் கடந்துவிடுகின்றன. என் பார்வையில் அவருடைய குற்றம் அங்கேயே முடிவாகிவிட்டது.

கோஜி பாபா சும்மா இருக்கவில்லை. 1701இல் கிட்டை ஆங்கிலேய நாடாளுமன்ற மக்களவை விசாரித்த காலத்தில் அவருடைய மனு அங்கே வாசிக்கப்பட்டது. இஸ்பஹானின் புறநகரான ஜுல்ஃபாவில் வாழும், பாரசீக மன்னரின் குடிமக்களான ஆர்மீனியர்கள் சார்பில் அவர் நீதி கேட்கிறார். மனுவில் ஜுல்ஃபா 'சுல்ஃபா' ஆகியிருக்கிறது, இஸ்பஹான் 'ஸ்பஹான்' ஆகியிருக்கிறது. சூரத், வங்காளம், கொச்சிக் கடல், பிறகு வெஸ்ட்மின்ஸ்டர். பறிபோன பொருளைத் துரத்திக்கொண்டு ஒருவரின் வழக்கு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது!

வழக்கு மே 8, 9 தேதிகளில் நடந்தது. மக்களவையில் வைக்கப்பட்டிருந்த பிரெஞ்சுப் பாஸ்கள் ஓல்டு பெய்லிக்கு வரவில்லை. கிட் திரும்பத் திரும்பக் கேட்டும் கிடைக்கவில்லை. அவை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அரசு ஆவணக் காப்பகத்தில் அகப்பட்டன. மே 23 அன்று வாப்பிங்கில் கிட்டைத் தூக்கிலிட்டார்கள். முதல் முறை கயிறு அறுந்தது, மறுபடியும் ஏற்றினார்கள். இந்தக் கயிற்றுச் செய்தியை எல்லா நூல்களும் சொல்கின்றன. கிட்டிடமிருந்து பறிமுதல் செய்த பொருள்களை விற்ற 6,400 பவுண்டுக்கும் மேற்பட்ட தொகை எங்கே போயிற்று என்பதைச் சில நூல்களே சொல்கின்றன. காயமுற்ற, வயதான மாலுமிகளுக்கான கிரீனிச் மருத்துவமனைக்குப் போயிற்று. ஜுல்ஃபா முகவர்களின் பட்டும் மஸ்லினும் கிரீனிச்சின் செங்கல்லாகிவிட்டன என்று என் குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். கோபத்தில் எழுதியது. இன்றும் அதை அடிக்க மனம் வரவில்லை.

குவெடா மெர்ச்சன்டைக் கிட் கரீபியக் கடலில் விட்டுவிட்டுப் போனார், அது எரிக்கப்பட்டது. 2007இல் டொமினிக்கன் குடியரசின் கத்தலினா தீவின் அருகே, கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஆழமில்லாத நீரில் அதன் எச்சத்தை இந்தியானா பல்கலைக்கழகக் குழு அடையாளம் கண்டது. மரம் தேக்கு. பலகைகளை இணைத்த விதம் இந்தியாவின் மேற்குக் கரைக் கப்பல் தச்சர்களுடையது. அந்தப் படங்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊர் திரும்பிய பிறகு பாலத்தருகே போய் உஸ்கானின் கல்லை மறுபடி பார்த்தேன். உஸ்கான் அதிர்ஷ்டசாலி; தன் பெயரைத் தானே கல்லில் வெட்டிக்கொள்ள அவருக்கு ஊரும் பணமும் இருந்தன. பாபாவின் பெயரை எழுதியவர்கள் அவருடைய மொழி தெரியாத எழுத்தர்கள்.

அதனால் ஒரு வேண்டுகோள். 1748இல் ஆங்கிலக் கடற்படை பிடித்த 'சான்டா கட்டரினா' கப்பலிலிருந்து சுமார் 1,700 ஆர்மீனியக் கடிதங்களும் தாள்களும் இதே அட்மிரால்டிக் கட்டுகளில் வந்து சேர்ந்தன. அவை பாபாவின் காலத்துக்கு ஐம்பது ஆண்டு பிந்தியவை. ஆனாலும் குடும்பப் பெயர்கள் தலைமுறை தாண்டி வரும். ஜுல்ஃபா ஆர்மீனிய எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள். பாபாவின் தகப்பனார் பெயராவது கிடைக்குமா என்று தேடவேண்டும்.