இழை: மேலும் காரணிப்படுத்த முடியாத கோவையை எப்படிச் சொல்வது?

கோத்தகிரி, கணக்கு டீச்சர்:

அனைவருக்கும் வணக்கம். ஒன்பதாம் வகுப்புக்குக் காரணிப்படுத்துதல் பயிற்சித்தாள் ஒன்று தயார் செய்கிறேன். திங்கட்கிழமை குன்னூருக்கு அச்சுக்குப் போக வேண்டும். எல்லாம் முடிந்தது, ஒரு சொல் மட்டும் இடிக்கிறது.

(மாறியை ‘ம’ என்றே எழுதுகிறேன். கைப்பேசியில் விசைப்பலகையை மாற்றி மாற்றித் தட்டப் பொறுமை இல்லை.)

ம² + 5ம + 6 கொடுத்தால் பிள்ளைகள் போட்டுவிடுகிறார்கள். பெருக்கினால் 6, கூட்டினால் 5, ஆக (ம + 2)(ம + 3). 6ம² + 5ம − 6 வந்தாலும் நடு உறுப்பை 9ம − 4ம என்று பிரித்து (2ம + 3)(3ம − 2) வரை வந்துவிடுவார்கள். ம² + 5ம + 7 வந்தால்தான் தகராறு. 7-க்கு 1, 7 விட்டால் வேறு ஜோடி கிடையாது, கூட்டினால் 8. ஒரு பையன் விடாப்பிடியாக (ம + 2)(ம + 3) + 1 என்று எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறான். விரித்துப் பார்த்தால் சரியாகத்தான் வருகிறது. ஆனால் கடைசியில் நிற்பது கூட்டல், பெருக்கல் இல்லை. ‘காரணிப்படுத்த முடியாது’ என்று நான் எழுதிக் கொடுத்தால், டீச்சர் கேள்வியையே தப்பாகக் கொடுத்துவிட்டார் என்கிறார்கள். இந்த வகைக் கோவைக்கு ஒரு பெயர் இருந்தால், அந்தப் பெயரையே விடையாக எழுதச் சொல்லிவிடலாம்.

உதகை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, இதற்காகப் புதிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். நன்னூல் பதவியலில் பகுபதம், பகாப்பதம் இருக்கின்றன. பள்ளிக் கணக்கிலும் பகு எண், பகா எண் வந்துவிட்டன. ஆகவே பகாக் கோவை. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், வல்லினம் மிகும். ‘பகா கோவை’ என்று ஒற்றைத் தின்றுவிட்டு அச்சடித்துவிடாதீர்கள். எதிர்ச்சொல் பகுகோவை. அது வினைத்தொகை, அங்கே ஒற்று வராது.

கையோடு இன்னொன்று. காரணி என்ற சொல்லையும் இப்போதே கழற்றிவிடலாம். காரணம் வடசொல். பெருக்கற்கூறு என்றால் எந்தப் பிள்ளைக்கும் புரியும். பகு என்ற வேரின் வளத்தைப் பாருங்கள்: பகுதி, பகிர்வு, பங்கு, பகை. பகல் என்பதும் நாளை இரண்டாகப் பகுப்பதால் வந்ததே. பாகம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்குத் தனிமடலில் விரிவாக எழுதுகிறேன்.

கூடலூர், தோட்ட அலுவலகத்தில் கணக்கர்:

ஐயா, பகாக் கோவை என்று வாசித்ததும் பிரிக்கப்படாத கோயம்புத்தூர் மாவட்டம்தான் என் நினைவுக்கு வந்தது. 1868-இல் நம் நீலகிரி பிரிந்தது, 1979-இல் ஈரோடு பெரியார் மாவட்டமாகப் போனது, 2009-இல் திருப்பூர். கோவையைப் போலப் பகுபட்ட கோவை வேறு உண்டா?

விளையாட்டு இருக்கட்டும். எங்கள் வீட்டார் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்தவர்கள். அங்கே பகா எண்ணுக்கு முதன்மை எண் என்று பெயர். அந்த வழியில் முதன்மைக் கோவை என்று வைத்தால் என்ன?

கோத்தகிரி, கணக்கு டீச்சர்:

அண்ணா, முதன்மை என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு முதன்மைக் கல்வி அலுவலர்தான் தெரியும். அவர் ஆய்வுக்கு வருகிறார் என்று எழுந்து நின்றுவிடுவார்கள்.

ஐயா, காரணியை விட முடியாது. பாடநூலில் காரணித் தேற்றம் என்று இருக்கிறது, தேர்விலும் அதுதான் வரும். என் வகுப்பில் வீட்டில் படுகு பேசுகிற பிள்ளைகள் நிறைய. அவர்களுக்குக் காரணியும் புதுச்சொல், பெருக்கற்கூறும் புதுச்சொல். ஒன்றைப் பழக்கிய பிறகு அதைப் பிடுங்கிவிட்டு இன்னொன்றைக் கொடுக்கச் சொல்கிறீர்கள்.

உதகை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

கூடலூர்த் தம்பிக்கு: ஊர்ப்பெயர் வேறு, இது வேறு. இந்தக் கோவை கோத்தல் என்ற வினையிலிருந்து வந்தது. மணிக்கோவை, முத்துக்கோவை. உறுப்புகளைக் கூட்டல் கழித்தல் குறியால் கோத்திருப்பதால் கோவை. அகத்துறைக் கோவை நூல்களிலும் பாடல்கள் துறை வரிசையில் கோக்கப்பட்டிருக்கும். கோவைக்காய் கொடியில் வரிசையாகத் தொங்குவதும்

(கைதவறி அனுப்பிவிட்டேன். மழைக்கு மின்சாரமும் போய்விட்டது. மீதி பிறகு.)

கொடைக்கானல், மென்பொருள் தமிழாக்கம் செய்பவர்:

நாங்கள் ஒரு கணிதச் செயலியில் இதற்குச் சுருங்காக் கோவை என்று போட்டிருக்கிறோம். அதையே எடுத்துக்கொள்ளுங்களேன், எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்.

குன்னூர், கல்லூரியில் கணிதம் நடத்துபவர்:

சுருங்காக் கோவை வேண்டாம். பள்ளியில் ‘சுருக்குக’ என்றால் ஒத்த உறுப்புகளைச் சேர்ப்பது, பின்னத்தில் பொதுவானதை அடிப்பது. 2ம + 3ம-ஐ 5ம ஆக்குவதுதான் சுருக்குதல். ம² + 6ம + 5-ஐ அப்படிச் சுருக்க வழியில்லை, ஆனால் (ம + 1)(ம + 5) என்று காரணிப்படும். பிள்ளைகள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள்.

தனிமடலில் ஒருவர் ‘பூச்சியமிலிக் கோவை’ என்று எழுதியிருந்தார். அதுவும் ஆகாது. ம⁴ + 4-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எந்த மெய்யெண்ணைப் போட்டாலும் பூச்சியம் வராது. ஆனாலும் 4ம²-ஐக் கூட்டிக் கழித்தால் (ம² + 2)² − (2ம)² என்றாகும். வர்க்கங்களின் வித்தியாசம்தானே! (ம² + 2ம + 2)(ம² − 2ம + 2) என்று அழகாகப் பிரியும். பிரெஞ்சுக் கணித அறிஞர் சோஃபி ஜெர்மேன் பெயரால் வழங்கும் முற்றொருமை இது. பூச்சியம் இல்லை என்பதால் காரணி இல்லை என்றாகிவிடாது. இருபடி, முப்படி வரை பரவாயில்லை. நான்காம் படியில் கவிழ்த்துவிடும்.

பகாக் கோவை எனக்குப் பிடித்திருக்கிறது. ஜெர்மானியக் கணித அறிஞர் ஐசன்ஸ்டைன் 1850-இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. முதல் கெழுவைத் தவிர மற்ற எல்லாக் கெழுக்களையும் ஒரு பகா எண் வகுத்து, அந்தப் பகா எண்ணின் வர்க்கம் மாறிலியை வகுக்காமல் இருந்தால், அந்தக் கோவை விகிதமுறு எண்களில் பிரியாது. பகா எண்ணை வைத்துப் பகாக் கோவையைக் கண்டுபிடிக்கிறோம், சொற்கள் தாமாகவே கைகோத்துக்கொள்கின்றன.

ஒரே ஒரு நெருடல். 7 பகா எண் என்றால் அதோடு பேச்சு முடிந்தது. கோவைக்கு அப்படி முடியாது. ம² − 2 விகிதமுறு எண்களில் பிரியாது. மெய்யெண்களுக்குப் போனால் (ம + √2)(ம − √2). ம² + 1 மெய்யெண்களிலும் பிரியாது, சிக்கலெண்களில் பிரிந்துவிடும். வெறுமனே ‘பகா’ என்று சொல்லிவிட்டால், எங்கே போனாலும் பகாது என்றல்லவா கேட்கிறது?

கொடைக்கானல், மென்பொருள் தமிழாக்கம் செய்பவர்:

அதைத்தான் நானும் கேட்கிறேன். அப்புறம், பகுதல் தன்வினை, பகுத்தல் பிறவினை. கோவை தானாகப் பகாமல் இருக்கிறதா, நம்மால் பகுக்க முடியவில்லையா? வள்ளுவரே ‘பகுத்துண்டு’ என்றுதான் எழுதினார். பகுக்கவியலாக் கோவை என்றாவது வையுங்கள்.

உதகை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

மின்சாரம் வந்துவிட்டது. கோவைக்காயை விட்டுவிடுகிறேன்.

குன்னூர் அன்பரின் நெருடலுக்கு விடை பகாப்பதத்திலேயே இருக்கிறது. மரம் பகாப்பதம். அதை ‘ம’ என்றும் ‘ரம்’ என்றும் வெட்ட யார் தடுத்தார்கள்? வெட்டலாம். வெட்டிய துண்டுகள் அந்தப் பொருளுக்குரிய பதங்கள் ஆகா, அவ்வளவுதான். பதம் என்ற எல்லைக்குள் நின்றுதான் பகாப்பதம் என்கிறோம், எழுத்து என்ற எல்லைக்குப் போனால் எல்லாமே பகும். உங்கள் ம² − 2-உம் அப்படியே. வெட்டினால் துண்டு வருகிறது, அந்தத் துண்டில் √2 நிற்கிறது. நீங்கள் சொன்ன எல்லைக்குள் அது இல்லை. எந்த எல்லை என்று சொல்ல வேண்டியது உங்கள் கடமை. சொல்லின் மேல் குற்றம் இல்லை.

தன்வினை பற்றி: மனிதன் முயன்றும் முடியவில்லை என்பதா செய்தி? அதன் இயல்பே அது என்பதுதானே? அப்படியானால் தன்வினைதான் பொருத்தம். ‘பகுக்கவியலா’ என்றால் கெட்டிக்காரன் ஒருவன் வந்து பகுத்துவிடுவான் என்று பையன் காத்திருப்பான்.

குன்னூர், கல்லூரியில் கணிதம் நடத்துபவர்:

மரத்தை வெட்டியது நன்றாக இருக்கிறது ஐயா. அடுத்த பருவத்தில் வகுப்பில் சொல்லப் போகிறேன். ‘விகிதமுறு எண்களில் பகாக் கோவை’, ‘மெய்யெண்களில் பகாக் கோவை’ என்று முன்னொட்டோடு சொன்னால் எனக்குச் சம்மதம்.

கூடலூர், தோட்ட அலுவலகத்தில் கணக்கர்:

எனக்கும் சரி. முதன்மையை வாபஸ் வாங்குகிறேன்.

கோத்தகிரி, கணக்கு டீச்சர்:

அப்படியானால் தாளில் ‘பகாக் கோவை’ என்றே போகிறது. அடியில் ஒரு வரி: ‘விகிதமுறு எண்களில் பார்க்கும்போது’. ம² + 5ம + 7-க்குத் தன்மைகாட்டி 25 − 28 = −3, குறை எண் என்பதால் பிரியாது என்பதையும் பக்கத்தில் காட்டியிருக்கிறேன். காரணி காரணியாகவே இருக்கும் ஐயா, மன்னிக்கவும்.

கொடைக்கானல், மென்பொருள் தமிழாக்கம் செய்பவர்:

பெரும்பான்மை அப்படி என்றால் சரி. செயலியில் நான் மாற்றப் போவதில்லை. ‘சுருங்கா’ ஏற்கெனவே பல இடங்களில் ஏறிவிட்டது. எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன்.

உதகை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

என்னுடையதையும் பதிவு செய்யுங்கள். காரணிக்கு எதிராக.

கோத்தகிரி, கணக்கு டீச்சர்:

தாளை அனுப்பும் முன் மகளைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். 2ம² + 10ம + 14 கணக்கில் வந்து நிற்கிறாள். 2(ம² + 5ம + 7) என்று எடுத்துவிட்டு, “2 ஒரு காரணி, அடைப்புக்குள் இருப்பது ஒரு காரணி, அப்படியானால் இது பகுகோவைதானே?” என்கிறாள். என்ன சொல்லட்டும்?

குன்னூர், கல்லூரியில் கணிதம் நடத்துபவர்:

கெட்டிக்காரி. முழு எண்களுக்குள் நின்றால் அவள் சொல்வது சரி, அது பகும். விகிதமுறு எண்களில் 2-க்கு ½ என்ற தலைகீழி இருக்கிறது, அதனால் 2 காரணிக் கணக்கில் சேராது, கோவை பகாக் கோவைதான். தாளின் அடிவரியில் விகிதமுறு என்று போட்டுவிட்டதால் தப்பித்தீர்கள். இப்படிக் கணக்கில் சேராமல் போகும் எண்களுக்குத் தனிப்பெயர் உண்டு. அலகு என்று சொல்லலாம் என்றால், பிள்ளைகளுக்கு மீட்டரும் கிலோவும் நினைவுக்கு வரும். ஐயா ஏதாவது யோசித்து வைத்திருக்கிறீர்களா?

உதகை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அலகு என்ற சொல்லுக்குப் பறவையின் மூக்கு என்றும் ஒரு பொருள் உண்டு. அங்கிருந்து தொடங்க வேண்டும். புது இழை திறக்கிறேன்.

கோத்தகிரி, கணக்கு டீச்சர்:

திங்கட்கிழமைக்கு அப்புறம் திறங்கள் ஐயா.