புதுப்பிப்பு: லிங்க்ட்இனில் வேலை தேடின கதை
போன மாதம் புலம்பினேனே, வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்து லிங்க்ட்இனில் நாற்பது இடத்துக்குப் போட்டும் ஒரு பதிலும் இல்லை என்று? சரி, வேலை கிடைத்துவிட்டது, ஆனால் விண்ணப்பத்தால் அல்ல. நீங்கள் சொன்னபடி பெயருக்குக் கீழிருந்த 'வேலை தேடுகிறேன்' வரியை (220 எழுத்து இடமிருக்க இரண்டே சொல்!) 'கணக்கியல் பட்டதாரி, குவிக்புக்ஸ், தமிழ், சிங்களம், ஆங்கிலம்' என்று மாற்றினேன், அப்புறம் பல்கலைக்கழகப் பக்கத்தில் பழைய மாணவர் பகுதிக்குப் போய், கொழும்பில் இருக்கிற சீனியர் அக்கா ஒருவரிடம், வேலை கேட்காமல், அவர் வேலையைப் பற்றி மட்டும் இரண்டு கேள்வி கேட்டேன். விளம்பரமே வராத இடமொன்றை அவர்தான் சொன்னார். இப்போது கல்லடியில் வீட்டிலிருந்தே வேலை, மாதம் ஒருமுறை கொழும்புக்கு ரயில். ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள் மட்டும் லிங்க்ட்இன் படத்தைச் சுற்றி 'வேலை தேடுகிறேன்' என்று காட்டும் அந்தப் பச்சை வளையத்தைப் போட்டுவிடாதீர்கள், முதலாளி கண்ணிலும் படும்.