'அனிமஸ்': பகையா, எண்ணமா? தமிழில் எப்படி எழுதுவது?

தேன்மொழி கேட்டது:
சட்டக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்கம் செய்கிறேன். ஓரிடத்தில் 'அனிமஸ் பொசிடெண்டி' வருகிறது, இன்னோரிடத்தில் வெறும் 'அனிமஸ்'. ஆங்கில அகராதியில் பார்த்தால் பகைமை, காழ்ப்பு என்கிறது. முதல் இடத்தில் அதைப் போட்டால் வாக்கியம் இடிக்கிறது. இரண்டுக்கும் ஒரே சொல் போதுமா?

செழியன்:
போதாதுங்க. லத்தீனில் அனிமஸ் என்றால் நினைக்கிற, விரும்புகிற, துணிகிற மனம். பகை என்பது ஆங்கிலத்தில் பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட பொருள்.

கூட வரும் சொல்லின் வாலைப் பாருங்கள். பொசிடெண்டி, ஃபுராண்டி, ரெவர்டெண்டி, மனெண்டி எல்லாமே '-ண்டி' என்று முடிகின்றன. தொழிற்பெயரின் ஆறாம் வேற்றுமை அது. தமிழில் பெயரெச்சமாக்கினால் இயல்பாக உட்காரும்: உடைமையாகக் கொள்ளும் எண்ணம், திருடும் எண்ணம், திரும்பி வரும் எண்ணம், நிலையாகத் தங்கும் எண்ணம்.

எதிரிடை அனுபவம் (உரிமையாளர் அல்லாதவர் நிலத்தை நெடுநாள் தன்வசம் வைத்திருந்து உரிமை கோருவது) பற்றிய பத்தியில்தான் பலர் சறுக்குகிறார்கள். அங்கே 'எதிர்' என்பது உரிமையாளரின் உரிமைக்கு எதிர். அவர்மேல் கோபம் இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை. நிலத்தைத் தனதாக வைத்துக்கொள்ளும் எண்ணம் இருந்ததா என்பதே கேள்வி.

கயல்விழி:
ஒரு திருத்தம். வால் இல்லாவிட்டாலே காழ்ப்பு என்று முடிவு கட்டிவிட வேண்டாம். பக்கத்தில் 'கார்ப்பஸ்' இருக்கிறதா பாருங்கள். ரோமானியச் சட்டத்தில் ஒரு பொருள் உடைமையாவதற்கு இரண்டும் சேர வேண்டும்: கைவசம் இருப்பது கார்ப்பஸ், தனதாக வைத்துக்கொள்ளும் எண்ணம் அனிமஸ். கிடைத்த உடைமையை எண்ணத்தால் மட்டுமே தக்கவைக்கவும் முடியும். இதற்கு அவர்கள் காட்டும் உதாரணம் கோடைக்கால மேய்ச்சல் நிலம். குளிர்காலத்தில் அங்கே ஆளே இருக்க மாட்டார்கள், ஆனாலும் உடைமை போகாது.

புறா உதாரணம் இன்னும் அழகு. ரோமானியப் பேரரசர் ஜஸ்டினியனின் 'இன்ஸ்டிட்யூட்ஸ்' சட்ட நூலில், போய்ப் போய்த் திரும்பும் புறா வளர்த்தவருக்கே சொந்தம். திரும்பும் எண்ணம் அற்றுப்போனால் பிடித்தவருக்குச் சொந்தம். எண்ணம் அற்றதை எப்படி அறிவது? திரும்பி வரும் வழக்கம் நின்றதை வைத்துத்தான். நடத்தையிலிருந்து மனத்தைப் படிக்கும் இந்த முறை புறாவோடு நிற்கவில்லை. ஒருவரின் டொமிசைலை, அதாவது சட்டப்படியான நிலையான வசிப்பிடத்தை, தீர்மானிக்கும்போதும் வீடு, குடும்பம், தொழில் எங்கே என்று பார்த்துத்தான் அனிமஸ் மனெண்டியை முடிவு செய்கிறார்கள்.

காழ்ப்புப் பொருளுக்குத் தெளிவான இடம் அமெரிக்க அரசியல் சட்ட வழக்குகள். 1996-இல் ரோமர் எதிர் எவன்ஸ் தீர்ப்பில், கொலராடோவின் சட்டத்திருத்தம் ஒரு பிரிவினர்மேல் உள்ள 'அனிமஸ்' தவிர வேறு எதனாலும் விளக்க முடியாததாகத் தோன்றுகிறது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அங்கே 'எண்ணம்' என்று எழுதினால் தீர்ப்பின் கூர்மையே போய்விடும். 'காழ்ப்பு' போடுங்கள்.

மருதன்:
ஸ்பானிய மூலம் கையில் வந்தால் கவனம். 'ஆனிமோ' அங்கே தினப்புழக்கச் சொல். சோர்ந்தவரிடம் 'ஆனிமோ!' என்றால் 'தைரியமா இரு!' என்று அர்த்தம். அதே சொல் ஸ்பெயினின் தண்டனைச் சட்டத்திலும் இருக்கிறது. பிறர் பொருளை 'ஆனிமோ தெ லுக்ரோ'வோடு, அதாவது ஆதாயம் அடையும் எண்ணத்தோடு, உரிமையாளர் சம்மதமின்றி எடுப்பது திருட்டு. முன்னால் 'சின்' சேர்த்தால் 'இலாப நோக்கமற்ற' என்றாகிவிடும். எங்கேயும் பகை இல்லை.

லத்தீன் 'அனிமா' அனிமஸின் பெண்பால் இணை: மூச்சு, உயிர். தமிழில் 'உயிர்ப்பு' என்றாலும் மூச்சுதானே! ஸ்பானிய 'அல்மா', பிரெஞ்சு 'ஆம்' இரண்டும் அனிமாவின் வழி வந்தவை, பொருள் ஆன்மா.

செழியன்:
இன்னொன்று. 'மென்ஸ் ரியா'வுக்கு வைத்திருக்கும் 'குற்ற மனம்' என்பதை அனிமஸ் ஃபுராண்டிக்குப் போடாதீர்கள். மென்ஸ் ரியா விரிந்தது, விளைவு தெரிந்தும் பொருட்படுத்தாமல் நடப்பதுகூட அதில் அடங்கும். அனிமஸ் ஃபுராண்டி திருடும் எண்ணம் ஒன்றை மட்டுமே குறிக்கும். தன்னுடையது என்று நினைத்து இன்னொருவர் குடையை எடுத்துப் போனவரிடம் அது இல்லை.

தேன்மொழி:
நன்றி. முதல் இடத்தில் 'உடைமையாகக் கொள்ளும் எண்ணம்' போட்டுவிட்டேன். இரண்டாவது இடத்தில் பக்கத்திலேயே கார்ப்பஸ் இருக்கிறது, அதனால் அங்கேயும் 'எண்ணம்'தான்.