ஈ.வி.எஃப்-ஆ, ரேஞ்ச்ஃபைண்டரா? மதுரை வெயிலிலும் கூட்டத்திலும் எது எங்கே காலை வாருகிறது

டவுன்ஹால் ரோடு:
கேமராவில் கண்ணை வைத்துப் பார்க்கும் துளைக்குள் லென்ஸ் பார்ப்பதைக் காட்டும் சின்ன மின்திரை இருந்தால் அது ஈ.வி.எஃப். ரேஞ்ச்ஃபைண்டர் என்பது கண்ணாடி ஜன்னல் வழியே நேராகப் பார்த்து, தூரத்தை அளந்து ஃபோகஸ் வைப்பது. ஆனால் மேல் மூலையில் ஒரு கண்ணாடி ஜன்னல் இருந்தாலே பழைய காம்பாக்ட் கேமராவை ரேஞ்ச்ஃபைண்டர் என்று விலை சொல்கிறார்கள். கேனன் ஜி12-ல் இருப்பது லென்ஸோடு சேர்ந்து ஜூம் ஆகிற வெறும் பார்வைத் துளை. ஃபோகஸ் எங்கே விழுந்தது என்று அது காட்டாது. படத்தில் விழுவதில் ஏறக்குறைய 77 சதவீதம்தான் அதில் தெரியும். மிச்சம் ஓரத்தில் வேண்டாத ஆளாக, மின்கம்பமாக வந்து சேரும். அசல் ரேஞ்ச்ஃபைண்டரில் நடுவில் வெளிர் கட்டம் ஒன்று இருக்கும். வளையத்தைத் திருப்பத் திருப்ப அதற்குள் இருக்கும் இரட்டை உருவம் ஒன்றாக வேண்டும். டிஜிட்டலில் இதை முதலில் கொண்டுவந்தது 2004-ல் எப்சன் ஆர்-டி1. லைக்கா எம்8 வந்தது 2006-ல். ஃபியூஜி எக்ஸ்100 (2011) தனி ரகம்: கண்ணாடி ஜன்னலும் ஈ.வி.எஃப்-உம் ஒரே துளைக்குள், முன்பக்க லீவரைத் தட்டினால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும். கீழே அவரவர் பகுதிப் பேரில் எழுதுகிறவர்கள் எந்த ரகத்தைப் பற்றி என்று சொல்லிவிட்டு எழுதுங்கள்.

திருநகர்:
லைக்கா எம் ரகம், அசல் ரேஞ்ச்ஃபைண்டர். இரட்டை உருவம் ஒன்றாக, கட்டத்துக்குள் செங்குத்தான விளிம்பு ஒன்று வேண்டும். வண்டியூர் தெப்பக்குளத்துப் படிக்கட்டு முழுக்கப் படுக்கைக் கோடு. கேமராவைக் கிடையாகப் பிடித்தால் உருவம் பக்கவாட்டில் எவ்வளவு நகர்ந்தாலும் கோடு கோட்டின் மேலேயே விழும். எல்லாத் தூரமும் சரி மாதிரிதான் இருக்கும். நெட்டாகத் திருப்பி ஃபோகஸ் வைத்துக்கொண்டு, திரும்பக் கிடையாக்கி எடுக்க வேண்டும். திருமலை நாயக்கர் மகால் தூணில் சிக்கல் வேறு. தூணின் நடுவே சுதைப்பூச்சு வழவழவென்று இருக்கும், பிடிக்க ஒன்றும் இல்லை. ஓரத்தைப் பிடித்தால் உடனே கிடைத்துவிடும்.

கிராதிக் கம்பி அதைவிட மோசம். எம்-இல் இரட்டை உருவத்தைத் தரும் இரண்டு ஜன்னலுக்கும் இடைவெளி 69.25 மி.மீ. 3 மீட்டரில் ஒரு ஜன்னல், அதன் கம்பிகள் 5 செ.மீ. இடைவெளியில் இருக்கின்றன என்று வையுங்கள். ஒரு கம்பியின் உருவம் பக்கத்துக் கம்பியின் மேல் கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும். வளையம் ஏறக்குறைய 1.7 மீட்டரில் இருந்தாலும் பொருந்தும், 11 மீட்டரில் இருந்தாலும் பொருந்தும். முதலில் தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்டு வளையத்தை அங்கே கொண்டுபோய், அதற்குப் பிறகு கட்டத்தைப் பார்த்தால் ஏமாற மாட்டோம்.

அவனியாபுரம்:
தம்பிகள் அடிக்கடி கேட்பது ஜல்லிக்கட்டுக்கு எது என்று. எக்ஸ்100 மாதிரி கேமராவில் கண்ணாடி ஜன்னல்தான். படத்தின் எல்லையைக் காட்டும் சட்டகக் கோட்டுக்கு வெளியேயும் தெரிவதால் வாடிவாசலில் காளையின் தலை எட்டிப் பார்க்கும்போதே விரல் தயாராகிவிடும். ஈ.வி.எஃப்-இல் சட்டகத்துக்குள் வந்த பிறகுதான் தெரியும், அதுவும் கொஞ்சம் தாமதித்து. வினாடிக்கு 60 தடவை புதுப்பிக்கிற திரையில் ஒரு படத்துக்கு 1/60 வினாடி. வினாடிக்கு 8 மீட்டர் ஓடுகிற காளை அதற்குள் 13 செ.மீ. நகர்ந்துவிடும், திமில் சட்டகத்தில் எங்கே இருக்கிறது என்பதே மாறிப்போகும். அதே வரிசையில் பின்னால் வந்த எக்ஸ்100வி-யில் பூஸ்ட் (வேக மோடு) போட்டால் 100 தடவை ஆகும், பேட்டரி வேகமாக இறங்கும்.

இதில் ஆட்டோஃபோகஸை நம்பாதீர்கள். எக்ஸ்100-இன் 23 மி.மீ. லென்ஸில் திறப்பை எஃப்/8 வைத்து, ஃபோகஸை 3.3 மீட்டரில் நிறுத்தினால் சுமார் 1.7 மீட்டரிலிருந்து கடைசி வரைக்கும் தெளிவாக விழும். கேமரா காட்டும் தூர அளவுகோல் இதைவிடக் குறுகலாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். எங்கிருந்து எங்கே வரை தெளிவு என்று காட்டும் டெப்த் ஆஃப் ஃபீல்டு ஸ்கேல், கறாரான பிக்சல் பேசிஸில் இருக்கும். மெனுவில் ஃபிலிம் ஃபார்மட் பேசிஸுக்கு மாற்றுங்கள். ஒன்று மட்டும்: கேலரியில் உட்கார்ந்து எடுப்பதாக இருந்தால் இந்த லென்ஸுக்குக் காளை எறும்பு அளவுதான். அங்கே ஜூம் உள்ள சோனி ஆர்எக்ஸ்100 சிக்ஸ் (35 மி.மீ. ஃபிலிம் கணக்கில் 24-200 மி.மீ.), அதன் மேலெழும் ஈ.வி.எஃப். வேறு பேச்சில்லை.

செல்லூர்:
அண்ணே, பகலுக்கு நீங்கள் சொல்வது சரி. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் அதிகாலைக்குக் கணக்கு மாறும். இருட்டில் ஈ.வி.எஃப் வெளிச்சத்தைத் தூக்கிக் காட்டும். புள்ளி புள்ளியாகக் குமுறும், அசைவு இழுத்துக்கொண்டு போகும். ரேஞ்ச்ஃபைண்டருக்கு இருட்டு தடையே இல்லை. தீவட்டி, பல்ப் என்று ஒரு ஒளிப்புள்ளி கிடைத்தால் இரண்டும் ஒன்றாவது பளிச்சென்று தெரியும். ஆனால் கண்ணாடி ஜன்னல் வெளிச்ச அளவைச் சொல்லாது. தங்கக் குதிரை வாகனத்தின் மேல் ஃபோகஸ் லைட் விழுந்தால் வெளிறிப் போனது வீட்டில் கம்ப்யூட்டரில்தான் தெரியும். எக்ஸ்100 வைத்திருப்பவர்கள் ஈ.வி.எஃப்-இல் ஒரு தடவை அளவைப் பார்த்து மேனுவலில் பூட்டிவிட்டு, லீவரைத் தட்டி ஜன்னலுக்கு வந்துவிட வேண்டும்.

எல்.ஈ.டி சீரியல் செட்டும் அப்படித்தான். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பல விளக்குகள் வினாடிக்கு 100 தடவை மினுக்கும். ஈ.வி.எஃப்-இல் பட்டை ஓடுவதைப் பார்த்தே உஷாராகலாம். ஜன்னலில் ஒன்றும் தெரியாது. எலக்ட்ரானிக் ஷட்டரை அணைத்துவிட்டு ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 வினாடி வையுங்கள்.

துருத்தி நீர் பீய்ச்சுகிற இடத்தில் இன்னொரு தொல்லை: ஜன்னலின் முன் கண்ணாடியில் துளி விழுந்தால் பார்வை மங்கும், படமோ நன்றாக இருக்கும். லென்ஸில் துளி விழுந்தால் நேர்மாறு. ஜன்னல் வழியே பார்க்கிறவருக்கு லென்ஸில் தண்ணீர் இருப்பதே தெரியாது, எனவே பருத்தித் துணி கழுத்தில் தொங்கட்டும். எக்ஸ்100வி-யை அப்படியே நனைக்கவும் கூடாது. ஏஆர்-எக்ஸ்100 வளையமும் பிஆர்எஃப்-49 ஃபில்டரும் மாட்டினால்தான் ஓரளவு தாங்கும்.

திருநகர்:
செல்லூர் சொன்னதோடு சேர்த்து: லென்ஸ் மூடியைக் கழற்றாமல் எடுப்பது, ஜன்னலை விரலால் மறைப்பது இரண்டும் ரேஞ்ச்ஃபைண்டரின் பிறவிக் கோளாறு. லென்ஸ் முனையில் பெரிய ஹூட் மாட்டினால் ஜன்னலில் தெரியும் காட்சியின் கீழ் வலது மூலையும் மறையும்.

மேலமாசி வீதி:
கல்யாணம் எடுப்பவர்களுக்கு. மேனுவலில் எஃப்/8, 1/250 வைத்து ஃபிளாஷ் போடும்போது ஈ.வி.எஃப் கருப்பாகிவிடும், கேமரா கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஃபிளாஷ் வரப்போவது திரைக்குத் தெரியாது. மேனுவல் மோடில் எக்ஸ்போஷர் பிரிவியூவை (படம் எவ்வளவு வெளிச்சமாக வரும் என்று திரையில் காட்டுவதை) அணைத்தால் சரியாகிவிடும்.

சுங்குடிச் சேலை இன்னொரு பொறி. அந்தப் பொடிப் புள்ளிகள் ஈ.வி.எஃப்-இல் நெளியும். திரைக்கு வருவது சென்சாரின் எல்லாப் பிக்சலும் அல்ல, பொறுக்கி எடுத்ததுதான், அதனால் வரும் நெளிவு. படத்திலும் இருக்கும் என்று அவசியமில்லை. ஃபோகஸ் ஆன விளிம்பை நிறத்தில் காட்டும் ஃபோகஸ் பீக்கிங் போட்டால் சேலை முழுக்கச் சிவப்பாக மின்னும், ஜரிகையில் கேட்கவே வேண்டாம். பீக்கிங்கை அணைத்து, திரையில் பெரிதாக்கிக் கண்ணிமையில் ஃபோகஸ் வையுங்கள்.

இலை மேல் இருக்கும் பலகாரத்தைக் கிட்டப்போய் எடுக்கக் கண்ணாடி ஜன்னல் ஆகவே ஆகாது. ஜன்னல் இருப்பது இடது மூலையில், லென்ஸ் இருப்பது அதற்கு வலது கீழே. அரை அழுத்தத்தில் எக்ஸ்100 சட்டகத்தை வலது கீழாக நகர்த்திச் சரிசெய்யும்தான், ஆனால் கிட்டத்தில் அதுவும் போதாது. எம் ரகத்தில் பெரும்பாலான லென்ஸ் 0.7 மீட்டரோடு நின்றுவிடும்.

யா. ஒத்தக்கடை:
வெயிலைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஈ.வி.எஃப் கண்துளை ஒரு பூதக்கண்ணாடி. பைக் டேங்க் பையின் மேலோ கார் டேஷ்போர்டிலோ கண்துளை சூரியனைப் பார்க்க வைத்தால் உள்ளே இருக்கும் சின்னத் திரையில் பொட்டுப் பொட்டாகக் கருகும். அது ஆறாது, திரையையே மாற்ற வேண்டும். கூலிங் கிளாஸ் போலரைஸ்டாக இருந்தால் சில ஈ.வி.எஃப்-கள் கேமராவை நெட்டாகத் திருப்பியதும் இருண்டுபோகும். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு அப்புறம் கேமராவைக் குறை சொல்லுங்கள்.

பேட்டரியில் 2024-ல் வந்த எக்ஸ்100 சிக்ஸுக்கு நிறுவனம் சொல்வதே ஜன்னலில் 450 படம், ஈ.வி.எஃப்-இல் 310. நாள் முழுக்கத் திருவிழா என்றால் இரண்டு உபரி.

டவுன்ஹால் ரோடு:
பழைய எம் வாங்குகிறவர்கள் கடை வாசலிலேயே பார்க்க வேண்டியது. வளையத்தை முடிவிலியில் நிறுத்தி, ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் செல்போன் டவரைக் கட்டத்தில் வையுங்கள். யானைமலைச் சரிவு உதவாது, செங்குத்து விளிம்பு வேண்டும். இரண்டு டவராகத் தெரிந்தால் லென்ஸ் வாய்க்குள் இருக்கும் ரேஞ்ச்ஃபைண்டர் கையின் முனை உருளை நகர்ந்திருக்கிறது. குண்டும் குழியுமான ரோட்டில் பைக்கில் அதிர்ந்தே நகரும். மேலும் கீழுமாக விலகியிருந்தால் அது வேறு திருகு. இரண்டையும் வீட்டில் திருகாதீர்கள். அடுத்து 1 மீட்டரில் ஒரு செய்தித்தாளைச் சாய்த்து வைத்து, லென்ஸை முழுக்கத் திறந்து எடுத்து, நீங்கள் குறிவைத்த வரிதான் தெளிவாக இருக்கிறதா என்று திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். முடிவிலி சரி, கிட்டத்தில் மட்டும் தப்பு என்றால் வேறொரு லென்ஸை மாட்டி அதே வரியை எடுங்கள். அதிலும் அதே பக்கம் விலகினால் பாடியில் கோளாறு, விலையைக் குறைத்துக் கேளுங்கள். இல்லையென்றால் லென்ஸ். வெளிர் கட்டமே மங்கலாகத் தெரிந்தால் உள்ளே கண்ணாடியில் பனி மாதிரி மங்கல் படிந்திருக்கிறது, அது பிரித்துத் துடைக்கிற வேலை.

ஈ.வி.எஃப் கேமராவில் இந்தத் தலைவலி இல்லை, லென்ஸ் பார்ப்பதைத்தான் திரையும் பார்க்கிறது. லைக்காவே 2025-ல் எம் ஈவி1-இல் ரேஞ்ச்ஃபைண்டரை எடுத்துவிட்டு ஈ.வி.எஃப் வைத்துவிட்டது. அங்கே பார்க்க வேண்டியது கண் பவருக்குத் தக்கபடி திரையைக் கூர்மையாக்கும் டயாப்டர் சக்கரம் சுற்றுகிறதா, திரையில் கருகிய பொட்டு உண்டா என்பது மட்டும். டயாப்டரைக் காட்சியைப் பார்த்துத் திருப்பாதீர்கள். மெனுவைத் திறந்து எழுத்து கூர்மையாகும் வரை திருப்புங்கள்.