டாஸ்மேனியாவின் சிப்பி மாலைக்கு இவ்வளவு விலை ஏன்?

நிலாமுற்றம்:
வணக்கம். மகளோடு இருக்க ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவில் உள்ள ஹோபார்ட் நகரத்துக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. இங்குள்ள மியூசியத்தில் பழங்குடிப் பெண்கள் கோத்த சிப்பி மாலைகளைப் பார்த்தேன். சுண்டுவிரல் நகமளவு குட்டிச் சிப்பிகள், மயில் கழுத்து மாதிரி மின்னுகின்றன. ஒரு கேலரியில் விசாரித்தால் ஆயிரக்கணக்கில் டாலர் சொல்கிறார்கள். கரையில் கிடக்கிற சிப்பிதானே, நானே பொறுக்கிக் கோத்துக்கொள்ளலாமா?

மணிச்சரம்:
நானும் இருபது வருடமாகப் பாசிமணி கோக்கிறவள்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அந்தச் சிப்பிக்கு மைரீனர் என்று பெயர். கரையில் ஒதுங்குவது வெயிலில் வெளுத்துப்போயிருக்கும், உதவாது. கடல் நன்றாக உள்வாங்கும் நாள் பார்த்துத் தண்ணீரில் இறங்கி, கெல்ப் என்கிற பெரிய கடல்பாசியில் உயிரோடு ஒட்டியிருப்பதை எடுக்க வேண்டும். அப்புறம் உள்ளே இருக்கும் சதையைப் போக்க வேண்டும். எடுத்தவுடன் மினுக்கமும் தெரியாது, மேல்தோல் மூடியிருக்கும். அந்தக் காலத்தில் நெருப்புப் புகையில் காட்டி, புல்லில் தேய்த்துத் தோலை எடுத்தார்கள். துளை போடக் கங்காருவின் பல், கோக்க அதன் வால் நார். இப்போது நூலும் இரும்பு ஊசியும் வந்துவிட்டன. ஆனாலும் ஒவ்வொரு சிப்பியிலும் தனித்தனியாகத்தான் துளை போட வேண்டும். ஒரு பாசிமணி உடைந்தால் எனக்கு இன்னொன்று கடையில் கிடைக்கும். அவர்களுக்கு ஒன்று உடைந்தால், அதே அளவில் இன்னொன்றுக்கு மறுபடி கடலுக்குத்தான் போக வேண்டும்.

இந்த மாலைகள் கோக்கும் பழங்குடிக் கலைஞர் லோலா கிரீனோ. 2014-இல் தொடங்கி ஊர் ஊராகச் சென்ற அவருடைய கண்காட்சியைப் பார்த்தேன். 1946-இல், டாஸ்மேனியாவுக்கும் ஆஸ்திரேலியப் பெருநிலத்துக்கும் இடையே பாஸ் நீரிணையில் உள்ள கேப் பேரன் தீவில் பிறந்தவர். அவருடைய அம்மாவும் மாலை கோத்தவர். ஒரு மாலை முன்னால் நின்று சிப்பிகளை எண்ணத் தொடங்கி, பாதியிலேயே கண் கலங்கிவிட்டது.

நீங்களே கோப்பது வேண்டாம் அக்கா. அம்மாவிடமிருந்து மகளுக்கு வந்த அவர்கள் குடும்பச் சொத்து அது. வாங்குவதானால் கோத்தவர் பெயரைக் கேட்டு வாங்குங்கள். பெயர் சொல்லாத கடையில் வாங்காதீர்கள்.

கடலோரத்தான்:
ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். 1876-இல் இறந்த ட்ருகனினி என்ற பழங்குடிப் பெண்ணைத்தான் ‘கடைசி டாஸ்மேனியர்’, அதாவது அந்தப் பழங்குடியின் கடைசி ஆள் என்று பள்ளியில் படித்தோம். அது பொய். பாஸ் நீரிணைத் தீவுகளில் இருந்த பழங்குடிப் பெண்கள் கோப்பதை நிறுத்தவே இல்லை. ட்ருகனினி அணிந்திருந்த மாலை இங்கிலாந்தின் எக்ஸிட்டர் மியூசியத்தில் இருந்தது. 1997-இல் அதை அவருடைய மக்களிடமே திருப்பிக் கொடுத்தார்கள்.

மணிச்சரம்:
ஆமாம். கடல் சூடாவதால் அந்தப் பக்கம் கெல்ப் காடுகள் அழிந்துவருவதுதான் இப்போது பெரிய கவலை. அந்தக் கடல்பாசி இல்லாவிட்டால் மைரீனரும் இல்லை.

நிலாமுற்றம்:
நன்றி. பொறுக்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். சனிக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு மறுபடி மியூசியத்துக்குப் போகிறேன். இந்த முறை ஒரு மாலையையாவது நின்று எண்ணிப் பார்க்க வேண்டும்.