மினியாபோலிஸுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: சோமாலி கடையில் குடும்பமாகச் சாப்பிட

மினியாபோலிஸுக்கு வந்து இறங்கிய கையோடு, நல்ல ஆட்டுக்கறி எங்கே கிடைக்கும், பிள்ளைகளோடு நிம்மதியாக உட்கார்ந்து எங்கே சாப்பிடலாம் என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் ஒன்றுதான். சோமாலி கடைக்குப் போங்கள், நாலைந்து பேராகச் சேர்ந்து போங்கள். 1991-இல் சோமாலியாவில் அரசு கவிழ்ந்து உள்நாட்டுப் போர் பரவிய பிறகு அகதிகளாக வந்தவர்கள் மினசோட்டாவில்தான் அதிகம் குடியேறினார்கள், அமெரிக்காவிலேயே பெரிய சோமாலி சமூகம் இங்கேதான். சோமாலி கடைகள் நிறைந்த சீடர்-ரிவர்சைடு பகுதிக்கு ப்ளூ லைன் ரயிலிலேயே போகலாம், லேக் ஸ்ட்ரீட்டை ஒட்டிய கார்மெல் மாலிலும் சாப்பாட்டுக் கடைகள் உண்டு. "அந்தப் பக்கம் போகாதீங்க" என்று யாராவது சொல்வார்கள். எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத பேச்சு அது. குடும்பங்கள் வாழ்கிற, கடை நடத்துகிற இடம், தைரியமாகப் போங்கள்.

சில கடைகளில் முன்பக்கம் முழுக்க ஆண்கள் தேநீரும் பேச்சுமாக உட்கார்ந்திருப்பார்கள். பெண்கள், பிள்ளைகளோடு போனால் குடும்பத்துக்கு எந்தப் பக்கம் என்று கேளுங்கள், உடனே காட்டுவார்கள்.

ஆளுக்கொரு தட்டு சொல்லாதீர்கள், இதுதான் முக்கியம். ஒரு தட்டே பெரும்பாலும் இரண்டு பேருக்குக் காணும். இத்தனை பேர் இருக்கிறோம், எல்லோருக்கும் சேர்த்து ஒரே பெரிய தாம்பாளமாகக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டால் அளவை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். முதலில் மரக் என்கிற சூப் வரும், பல கடைகளில் கேட்காமலே கொண்டுவந்து வைப்பார்கள், எலுமிச்சை பிழிந்து குடியுங்கள். அப்புறம் பரீஸ், அதாவது சோறு. நீளமான பாஸ்மதி அரிசியைக் கறி வெந்த தண்ணீரிலேயே, ஹவாஷ் மசாலா போட்டு வேகவைப்பது. சீரகம், மல்லி, மிளகு, ஏலம், கிராம்பு, பட்டை, மஞ்சள் எல்லாம் நமக்குப் பழகிய வாசனைதான், ஆனால் மிளகாய்க் காரம் கிடையாது, அதனால் சின்னப் பிள்ளைகளும் அழாமல் சாப்பிடுவார்கள். மேலே வதக்கிய வெங்காயமும் உலர்திராட்சையும் கிடக்கும், அதற்கு மேல் எலும்போடு ஆட்டுக்கறி, விரலால் தொட்டாலே எலும்பை விட்டுக் கழன்று வரும். காரம் வேண்டுமென்றால் பச்சை மிளகாயில் அரைத்த பஸ்பாஸ் கிண்ணத்தில் வரும், முதலில் நுனி விரலில் தொட்டுப் பாருங்கள்.

தட்டோடு முழு வாழைப்பழம் ஒன்று வைப்பார்கள். கடைசியில் சாப்பிடுவதற்கென்று ஒதுக்கி வைக்காதீர்கள். ஒரு துண்டைக் கிள்ளி, சோறும் கறியும் பஸ்பாஸும் சேர்த்து ஒரே கவளமாக வாயில் போட வேண்டும். புட்டோடு பழம் பிசைந்து சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு முதல் கவளத்திலேயே பிடித்துப்போகும்.

கை கழுவ உள்ளேயே குழாய் இருக்கும். வலது கையால், தாம்பாளத்தில் உங்கள் பக்கமாக இருக்கிற இடத்திலிருந்து எடுத்துச் சாப்பிடுங்கள். கையால் சாப்பிட இந்த ஊரில் எங்கேயாவது கூச்சப்பட்டிருந்தால் இங்கே அது வேண்டாம், பக்கத்து மேசையிலும் அப்படித்தான் சாப்பிடுவார்கள். பொதுத்தட்டு பிடிக்காதவர்கள் தனித்தட்டும் கரண்டியும் கேட்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

சைவக்காரர்கள் கவனிக்க வேண்டும். கறித் துண்டு இல்லாத வெறும் சோறு என்று வாங்கினாலும் அது கறித் தண்ணீரில் வெந்ததாக இருக்கலாம். "எதில் வேகவைத்தீர்கள்?" என்றே கேளுங்கள். அன்ஜேரோ என்கிற தோசை மாதிரியானதைக் கேட்கலாம், மாவைப் புளிக்க வைத்து ஒரு பக்கம் மட்டும் வேகவிடுவது, மேலெல்லாம் கண் கண்ணாக இருக்கும். அவரைப் பயறு வகைகளும் சில கடைகளில் உண்டு. கண்டிப்பான சைவம் என்றால் ஒரே சட்டி, ஒரே கரண்டி பிரச்சினை இருக்கும், அவர்களைக் கட்டாயப்படுத்தி அழைத்துப் போகாதீர்கள்.

சோற்றைத் தொடாத பிள்ளைகளுக்கு பாஸ்தா இருக்கிறது. தெற்கு சோமாலியா இத்தாலியின் கையில் இருந்த காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டது, இப்போது அது அவர்கள் வீட்டுச் சாப்பாடு. பாதி சோறு, பாதி பாஸ்தா என்று ஒரே தட்டிலும் வாங்கலாம். தேநீரைப் பாலும் ஏலமும் சர்க்கரையும் சேர்த்தே கொதிக்க வைத்திருப்பார்கள், சர்க்கரை நோய் உள்ள அப்பா அம்மா கூட வந்தால் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பரிமாறுகிறவரிடம் சாப்பாட்டைப் பற்றிக் கேளுங்கள், பேச்சு தானாக வளரும். போரைப் பற்றி மட்டும் நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். ஈழத்திலிருந்து வந்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

எல்லாம் ஹலால், மது கிடையாது, கையில் கொண்டும் போகாதீர்கள். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் கூட்டம் நெரியும், ஒன்றரை மணி நேரம் தள்ளிப் போங்கள். ரமலானில் பகலில் பல கடைகள் மூடியிருக்கும், போன் செய்து கேட்டுவிட்டு இரவில் போவது நல்லது. மிஞ்சியதைக் கட்டித் தரச் சொல்லுங்கள், மறுநாள் சட்டியில் தண்ணீர் தெளித்து, மூடிபோட்டு, குறைந்த தீயில் சூடாக்கினால் சோறு உதிரியாகவே இருக்கும்.