சர்க்கஸ் ஒத்திகையை வரைய இடம் கிடைக்குமா?

வணக்கம்ங்க. கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் சர்க்கஸ் கூடாரம் போட்டால், காலை ஒத்திகையை ஓரமாக உட்கார்ந்து வரைய அனுமதி வாங்கித் தரக்கூடியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? கயிற்றில் தொங்கியபடி உடலை வளைத்துச் செய்யும் கயிறு மல்லர் கம்பம் பழகுகிறவர்கள் என்றாலும் சரி.

போட்டோ பார்த்து வரைவதில் எனக்கு நிறைவில்லை. பார் (சர்க்கஸ் ஊஞ்சல்) ஆடுகிறவர் ஊஞ்சலின் உச்சிக்குப் போனதும் கண்ணிமைக்கும் நேரம் அப்படியே நிற்பார். அப்போது கரித்துண்டைப் படுக்கவைத்து ஒரே இழுப்பு இழுத்தால் முதுகும் இடுப்பும் சேர்ந்து வந்துவிடும். கையால் தொங்கும்போது தோள் காதுவரை ஏறுவதெல்லாம் நேரில் பார்த்தால்தான் பிடிபடுகிறது. ஓவியர் டெகாவே 1879-ல் பாரிஸ் சர்க்கஸுக்குப் போய், கயிற்றைப் பல்லால் கடித்துத் தொங்கிய பெண்ணை வரைந்திருக்கிறார்.

அப்புறம், பஸ்ஸில் வீடு வருவதற்குள் கரி உதிர்ந்துவிடுகிறது. கரி உதிராமல் தாளில் பிடித்துவைக்கும் ஃபிக்ஸேட்டிவ் ஸ்பிரே கோவையில் எங்கே கிடைக்கும்? அதற்குப் பதிலாக ஹேர் ஸ்பிரே வேண்டாம், நாளாக ஆகத் தாள் மஞ்சளாகிவிடும்.

கலைஞர்களிடம் முதலிலேயே சம்மதம் கேட்டுத்தான் வரைவேன். அவர்களுக்குப் பிடித்த படத்தை அவர்களுக்கே கொடுத்துவிடுவேன். வலை கட்டும் நேரத்துக்கே வரச் சொன்னாலும் வந்துவிடுகிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.